தளர்ந்த தோளோடு பழிவாங்குவது

என் இடது முழங்காலை உடைத்தவன் இன்றைக்கும் பதுளையில்தான் இருக்கிறான். அவன் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் ஊரில் பாதிப் பேருக்கு உடனே தெரியும், மீதிப் பேர் விசாரித்துத் தெரிந்துகொள்வார்கள். அவனை நான் மன்னிக்கவில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் மனம் இளகிக் கண்ணீர் விட்டேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீட்டில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார். அப்பாவுக்கு ஃபெக்டரியில் வேலை. ஏ.எல். முடித்ததும் பதுளை டவுனில் ஒரு கண்ணாடிக் கடையில் சேர்ந்தேன். வருகிறவர்களின் கண்ணை அளந்து, ஃப்ரேம் தேர்ந்துகொடுத்து, காதுக்குப் பின்னால் சரியாக உட்காருகிற மாதிரி வளைத்துத் தருகிற வேலை. பள்ளிக்கூடத்தில் தொடங்கிய கராத்தேயை டவுனுக்கு வந்த பிறகும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு மண்டபத்தில் வகுப்பு நடக்கும். அங்கே நான் பிரவுண் பெல்ட். பெண்களில் என்னைவிட மேலே யாரும் இல்லை.

முழங்காலை உடைத்தவன் அந்த வகுப்பில் மாஸ்டருக்கு அடுத்த ஆள். எல்லோரும் அவனை ‘சீனியர்’ என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அவனுடைய அப்பா எங்கள் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர். அவர்கள் குவார்ட்டஸில் வளர்ந்தார்கள், நாங்கள் லயத்தில். சின்ன வயதில் அவன் சைக்கிளில் வந்தால் நாங்கள் பாதையோரமாக ஒதுங்கி நிற்போம். டவுனுக்கு வந்து, ஒரே வெள்ளை உடுப்பு போட்டு, ஒரே வரிசையில் நின்ற பிறகு அதெல்லாம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவன் அப்படி நினைக்கவில்லை.

போட்டி ஒன்று நெருங்கிக்கொண்டிருந்ததால் அன்று பெற்றோர்களும் பயிற்சியைப் பார்க்க வந்திருந்தார்கள். மாஸ்டர் என்னையும் சீனியரையும் ஜோடியாக நிறுத்தினார். முதல் சுற்றில் அவன் விலாவில் ஒரு குத்து வைத்தேன், சுத்தமாக விழுந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அவன் சிரித்தான். இன்னொன்று விழுந்தது. அப்போது சிரிக்கவில்லை. மாஸ்டர் “யாமே!” என்று கத்தினார். நிறுத்து என்று அதற்கு அர்த்தம். நான் கையை இறக்கினேன். அவன் காலைத் தூக்கினான்.

பக்கவாட்டில், முழு எடையையும் போட்டு, நான் ஊன்றி நின்ற கால் முட்டியில் உதைத்தான். ஈரக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம் எனக்குள்ளேயே கேட்டது. விழுந்து கிடந்தபோது முதலில் குனிந்து பார்த்தவனும் அவன்தான். உதவிக்குக் குனிகிற மாதிரி குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்: “நீ எல்லாம் கூடை தூக்கிட்டு இருந்திருக்கணும்.”

பிறகு நிமிர்ந்து மாஸ்டரிடம், “அவ திரும்பினா, மாஸ்டர். கால் மாட்டிக்கிருச்சு,” என்றான்.

மாஸ்டர் நம்பினார். நம்புவது அவருக்கு வசதியாக இருந்தது.

உள்ளே நார் கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரி, ஒப்பரேசன், பிறகு கட்டு, பிறகு ஊன்றுகோல். எங்கள் கடை மாடியில் இருந்தது. ஒவ்வொரு படியும் ஏறும்போது அவன் முகம் முன்னால் வந்து நிற்கும். கண்ணாடியை வட்டமாகச் சாணை பிடிக்கிற மெஷின் ஓடும்போது அந்த இரைச்சலுக்கு நடுவே அவனை என்னென்னவோ செய்தேன். மூக்கை உடைத்தேன். பல்லைக் கழற்றினேன். பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் பார்க்க மண்டியிட வைத்தேன். வாடிக்கையாளர் வந்தால் மெஷினை நிறுத்திவிட்டு, “வாங்க, உக்காருங்க,” என்பேன். என் முகத்தில் ஒன்றும் தெரியாது. முகத்தில் காட்டாமல் இருப்பது கடையில் கற்ற பழக்கம்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். ஆஸ்பத்திரித் தாதி சொன்னார், அம்மா சொன்னார், எங்கள் கோயில் பூசாரியும் சொன்னார்: “விட்டுருமா. மனசுல வச்சிக்கிட்டா ஒனக்குத்தான் கெடுதி.” நான் தலையாட்டினேன். ஒருவர்கூட அவனிடம் போய் எதையும் சொல்லவில்லை. விட்டுவிடும் வேலை எப்போதும் அடிபட்டவருக்குத்தான் கிடைக்கிறது.

கால் ஊன்ற முடிந்த சமயத்தில் என் பெரியப்பா மகள் ஹாங்காங்கிலிருந்து திரும்பி வந்தாள். நானும் அவளும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள், யார் அக்கா யார் தங்கச்சி என்று இன்றுவரை சண்டை போடுகிறவர்கள். அவள் வீடு தெமோதரைப் பக்கத்து லயத்தில். ஹாங்காங்கில் ஒரு பணக்கார வீட்டில் சக்கர நாற்காலியிலிருந்த கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனவள், ஒப்பந்தம் முடியும் முன்பே வந்துவிட்டாள். பெரியம்மா வாசலில் உட்கார்ந்து அதையே சொல்லிச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்.

“ஏன்டி வந்த?” என்று கேட்டேன்.

“அனுப்பிட்டாங்க.”

“என்னா பண்ணுன?”

அவள் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னாள். தினமும் காலையில் கிழவரை ஒரு பூங்காவுக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அங்கே சில பெண்கள் மெதுவாகக் கையை அசைத்துப் பழகுவார்கள். தை ச்சீ என்கிற சீனத் தற்காப்புக் கலை. அது முடிந்ததும் இரண்டிரண்டு பேராக மணிக்கட்டோடு மணிக்கட்டு வைத்து ஒருவரையொருவர் தள்ளிப் பார்ப்பார்கள். ஒரு ஆள் குறைந்தால் இவளைக் கூப்பிடுவார்கள். “தள்ளி விளையாட ஒரு தூணு வேணும். நான் தூணா இருந்தேன். போகப் போக தூணு திருப்பித் தள்ள ஆரம்பிச்சிருச்சு.” அப்படியே நாலைந்து வருஷம் போயிருக்கிறது. அந்த வீட்டுக்காரி, கிழவரின் மகள், ஒருமுறை இவளைக் கன்னத்தில் அறைந்தாளாம். இவள் வாங்கிக்கொண்டாள். அடுத்த முறை கை வந்தபோது அந்தக் கையைத் தடுக்கவில்லை, பிடிக்கவுமில்லை, அதோடு கூடவே போனாள்.

“அப்புறம்?”

“அவ தரையில உக்காந்துட்டா. நான் பிளேன்ல ஏறிட்டேன்.”

நான் சிரித்தேன். முழங்கால் உடைந்த பிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். ஆனால் நம்பவில்லை. டீவியில் நான் பார்த்த தை ச்சீ, வயதானவர்கள் கொடியில் துணி காயப் போடுகிற மாதிரி இருந்தது. அதில் அடி எங்கே, உதை எங்கே? அதை அவளிடமே சொன்னேன்.

“வா. தள்ளிப் பாரு,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களம் காலியாகக் கிடந்தது. மூன்று நாய்களும் நாங்களும்தான். நான் அவள் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்துக் கராத்தேக்காரி தள்ளுகிற மாதிரி இடுப்பிலிருந்து தள்ளினேன். மூடியிருக்கிறது என்று நினைத்துத் திறந்திருந்த கதவைத் தோளால் இடித்த மாதிரி இருந்தது. முன்னால் தடுமாறினேன். தடுமாறுவதைத் தடுக்கப் பின்னால் இழுத்துக்கொண்டேன். இழுத்துக்கொண்ட அந்த நொடியில் அவள் கை என்மேல் சும்மா பட்டது. நான் பின்னால் பறந்து போய்க் களத்தோரத்துச் சாக்கடைக் கானுக்குள் உட்கார்ந்தேன். நல்லவேளை, மழை இல்லாத நாள், கானில் தண்ணீர் இல்லை.

“என்னா பண்ணுன?”

“நீ பின்னால போகணும்னு ஆசப்பட்ட. போக விட்டேன்.”

எனக்கு அவமானமாக இருந்தது. அவமானத்துக்குக் கீழே வேறொன்று துள்ளிக்கொண்டிருந்தது. கானில் உட்கார்ந்தபடியே என் இடத்தில் சீனியரை உட்கார வைத்துப் பார்த்தேன். பொருத்தமாக இருந்தது.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் பதுளையிலிருந்து பஸ்ஸில் தெமோதரைக்குப் போனேன்.

கராத்தே எனக்கு எதையும் தரவில்லை என்று சொன்னால் பொய். இறுகத் தெரியும். கயிறு சுற்றிய பலகையில் குத்திக் குத்திக் கைமுட்டி தடித்திருந்தது. இடுப்பைத் திருப்புவது, ஒரு கையை இழுத்து மறு கையை எறிவது, மூச்சை வெடித்து விடுவது எல்லாம் உடம்பில் ஊறியிருந்தது. அடி வந்தால் தடு, தடுத்ததும் அடி. எதிரியைவிட வேகமாக, எதிரியைவிட பலமாக. அதில் ஒரு நியாயம் இருக்கிறது, பலன் சீக்கிரம் தெரியும். ஒரு வருஷம் பழகினவனுக்கும் தெருவில் அது உதவும். ஆனால் சீனியர் என்னைவிட உயரம், எடையும் அதிகம். இப்போது எனக்கு ஒட்டுப்போட்ட முழங்கால் வேறு. வேகத்துக்கு வேகம், பலத்துக்குப் பலம் என்று போனால் நான் அவனை ஒருநாளும் தொட முடியாது. இந்தக் கணக்கைக் கடையில் உட்கார்ந்து பலமுறை போட்டுப் பார்த்திருந்தேன்.

“அடி வர்றப்ப நீ என்னா பண்ணுவ?” என்று கேட்டாள் அவள்.

“பிளாக் பண்ணுவேன்.”

“அப்ப அவன் சாய்ஞ்சுக்க நீயே ஒரு செவுரு கட்டிக் குடுக்குற.”

அவள் சொல்லித் தந்ததில் முதல் மாதங்கள் வெறுமனே நிற்பதிலேயே போயின. முட்டி லேசாக மடங்கி, வால் எலும்பு தொங்கி, தலையை மேலே யாரோ நூல் கட்டிப் பிடித்திருக்கிற மாதிரி. தோளை விடு. முழங்கையை விடு. நெஞ்சை விடு. விடு, விடு என்றுதான் எப்போதும். விடுவது என்றால் தொய்ந்து போவது என்று நினைத்துத் தொய்ந்தேன். ஒரு விரலால் தள்ளிவிட்டாள். இறுகி நின்றேன். அதற்கும் ஒரு விரல்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது. உடம்பின் பாரம் எதிலும் சிக்காமல் குதிகால் வரை இறங்கிவிடுகிற இடம். அங்கே நின்றால், முன்னால் வருகிற பலமும் அதே வழியில் மண்ணுக்குப் போய்விடும். திரும்பிக் கொடுக்க வேண்டுமானால் மண்ணிலிருந்தே எடுத்துக் கொடுக்கலாம், கை வெறும் கதவுதான். கராத்தேயில் நான் இடுப்பை முறுக்கி எறிந்த பலம் தோளில் பாதி தங்கிவிட்டிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மெதுவாகப் பழகுவதன் காரணமும் அதுதான். வேகமாகச் செய்தால் எங்கே சிக்குகிறது என்று நமக்கே தெரியாது.

பெரிய கண்டுபிடிப்பு மாதிரி ஒருநாள் அவளிடம் சொன்னேன்: “நம்ம அம்மாமாரு கூடையோட மலை எறங்குறப்ப முட்டிய இப்பிடித்தான் மடக்குறாங்க, பார்த்தியா? அவங்களுக்கு இது தானா தெரிஞ்சிருக்கு.”

அவள் எரிச்சலோடு பார்த்தாள். “எங்கம்மா முதுகு வலியில ராத்திரி பூரா அனத்துது. அது ஒனக்கு குங்ஃபூவா?”

நான் அதற்குப் பிறகு அப்படிப் பேசவில்லை.

நிற்பது கொஞ்சம் வந்த பிறகு கை சேர்த்துப் பழகினோம். மணிக்கட்டு மணிக்கட்டின்மேல், ஒட்டியும் ஒட்டாமலும். அதை அவள் ‘கேக்குறது’ என்று சொன்னாள். எதிராளியின் பாரம் எந்தக் காலில், மூச்சு எங்கே நிற்கிறது, அடுத்து எங்கே போகப் போகிறான், எல்லாவற்றையும் தோலால் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் கை அசையும் முன்பே என் கை பதில் சொல்லிவிடும்.

ஒருநாள் நடுவில் நிறுத்திச் சொன்னாள்: “இப்ப அவன நெனச்ச.”

“இல்ல.”

“பொய் சொல்லாத. ஒன் தோளு காதுக்கிட்ட வந்துருச்சு.”

சரி, இப்போது இவளும் ஆரம்பிக்கப் போகிறாள், விட்டுவிடு, மறந்துவிடு என்று சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பவும் கையை நீட்டினாள்.

“பழி வாங்கணும்னா வாங்குடி. யாரு வேணாங்கிறா? தோள எறக்கிட்டு வாங்கு.”

அந்த வார்த்தைக்காகவே அவள் எனக்கு அக்கா என்று ஒத்துக்கொள்ளலாம். ஒத்துக்கொள்ளவில்லை.

கோபத்தைத் தோளிலிருந்து இறக்குவது எப்படி என்று அதன் பிறகு பழகினேன். போகச் சொன்னால் போகாது. கீழே போ என்று சொன்னால் போகும். நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு, வயிற்றிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து குதிகாலுக்கு. குதிகாலில் உட்கார்ந்தால் அது எரியாது, கனக்கும். முன்பெல்லாம் அவனை நினைத்தால் ஸ்க்ரூ நழுவித் தரையில் உருளும். பிறகு அவனை நினைத்தபடியே நுணுக்கமான ஸ்க்ரூவைக் கண்ணாடி ஃப்ரேமில் பூட்ட முடிந்தது. கோபம் குறைந்துவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டார். குறையவில்லை. உட்கார இடம் கிடைத்திருந்தது.

பண்டாரவளையில் சீனியர் சொந்தமாக வகுப்புத் திறக்கிறான் என்று கேள்விப்பட்டது அடுத்த வருஷம். டவுன் முழுக்க பேனர். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற அவன் படம். திறப்பு விழாவில் சாகசக் காட்சி, அனைவரும் வருக. நானும் பெரியப்பா மகளும் போனோம். பஸ்ஸில் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “சாப்பிட்டியா?”

மண்டபம் நிரம்பியிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் தாய் தகப்பன்மார், கீழே பாயில் பிள்ளைகள். மாஸ்டர் பிரதம விருந்தினராக மாலையோடு உட்கார்ந்திருந்தார். ஓடு உடைத்தார்கள், பலகை உடைத்தார்கள், சீனியரின் தொடையில் கம்பு உடைத்தார்கள். பிறகு அவன் காலை உள்வாட்டமாக வைத்து, இரண்டு முன்கைகளையும் மார்புக்கு முன்னால் நிறுத்தி, உடம்பு முழுவதையும் இறுக்கி நின்றான். கராத்தேயில் அது உண்மையிலேயே நல்ல பயிற்சி. ஒரு பையன் மைக்கைப் பிடிக்க, அவன் சபையைப் பார்த்துச் சொன்னான்: “யாராவது வந்து தள்ளிப் பாருங்க. அசைக்க முடியாது.”

ஒரு இளைஞர் போனார், தள்ளினார், முடியவில்லை. இன்னொருவர், லாரி ஓட்டுகிறவர் மாதிரிப் பெரிய ஆள், மூச்சு வாங்கத் தள்ளினார், முடியவில்லை. கைதட்டல். நான் அவர்களைப் பார்க்கவில்லை, அவன் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் தள்ளத் தள்ள அவன் அந்தத் தள்ளலின்மேல் சாய்ந்துகொண்டிருந்தான். அவனை நிறுத்தி வைத்ததே அவர்கள்தான்.

நான் எழுந்தேன்.

மேடையில் கிட்டே போனதும் என்னை அடையாளம் கண்டுகொண்டான். மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, சிரித்தபடி, “கால் சரியாயிருச்சா?” என்றான்.

“இப்ப பரவால்ல,” என்றேன்.

இரண்டு உள்ளங்கைகளையும் அவன் முன்கைகளில் வைத்தேன். கேட்டேன். இதுதான் நான் எதிர்பார்க்காதது. இத்தனை நாள் மனதில் அடித்து நொறுக்கிய மனிதனின் உடம்பை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். மூச்சு மேல் நெஞ்சில் நின்றிருந்தது. வலது இடுப்பில் ஏதோ பழைய வலி இருந்தது, அதைக் காப்பாற்றப் பாரத்தை இடது காலுக்கு மாற்றியிருந்தான். எல்லாவற்றுக்கும் அடியில் பயந்துகொண்டிருந்தான். என்னைக் கண்டு வந்த பயம் இல்லை, அது வெகு காலமாக அங்கே குடியிருந்த பயம். அப்பாவைக் கண்டோ, பெயர் கெட்டுவிடும் என்றோ, எனக்குத் தெரியாது. பாவம் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம். நானும் ஒரு நொடி நினைத்தேன்.

நினைத்த பிறகும் தள்ளினேன்.

முதலில் மற்றவர்கள் மாதிரியே கொஞ்சம் தள்ளிக் காட்டினேன். அவன் வழக்கம்போல அதன்மேல் சாய்ந்தான். சாய்ந்ததும் அந்தத் தள்ளலை எடுத்துவிட்டேன். கை இருந்த இடத்திலேயே இருந்தது, உள்ளே இருந்தது மட்டும் போய்விட்டது. அவன் ஒரு விரல் அகலம் முன்னால் வந்தான். குதிகால் எழும்பியது. விழாமலிருக்கத் தன்னைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அப்போது என் குதிகாலில் அத்தனை மாதமாக உட்கார்ந்திருந்தது எழுந்து முதுகு வழியாக வந்து கை வழியாகப் போனது. எனக்குப் பலம் போட்ட மாதிரியே இல்லை. அவன் காலைப் பின்னால் பின்னால் வைத்துக்கொண்டே போய், சோடாப் போத்தல்கள் அடுக்கியிருந்த மேசையோடு சேர்ந்து உட்கார்ந்தான்.

போத்தல்கள் உருண்டன. பிறகு பாயிலிருந்து ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு எல்லோரும்.

அவன் எழுந்தான். முகம் கறுத்திருந்தது. வணக்கம் இல்லை, நிலை இல்லை, நேராக வந்து என் இடது முட்டிக்கு உதைத்தான். அதே உதை, அதே கால். மண்டபமே பார்த்தது. அந்த உதை வரும் என்று எத்தனையோ ஞாயிறுகளில் பெரியப்பா மகளின் காலோடு பழகியிருந்தேன். பின்வாங்கவில்லை, தடுக்கவில்லை. உள்ளே நுழைந்தேன். உதைக்க இடமில்லாமல் அவன் தொடை என் இடுப்பில் வந்து மோதியது. அவன் ஒற்றைக் காலில் நின்றான், வலிக்கிற இடுப்பின்மேல். என் முன்கை அவன் நெஞ்சில் சாய்ந்தது. அவன் பக்கவாட்டில் விழுந்தான், தோள் முதலில் தரையில் பட்டது. காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. இதை நான் எதற்கு மறைக்க வேண்டும்?

மாஸ்டர் மாலையைக் கழற்றிக்கொண்டே மேடைக்கு ஓடி வந்தார். “இது நம்ம பழக்கம் இல்ல!” என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

“என் காலை ஒடைச்சப்ப எது நம்ம பழக்கமா இருந்துச்சு, மாஸ்டர்?” என்று கேட்டேன்.

அவர் கீழே கிடந்தவனைத் தூக்கப் போனார். இனி வகுப்புப் பக்கம் வராதே என்று மட்டும் பிறகு ஆள் அனுப்பிச் சொன்னார். நான் எப்படியும் போகப் போவதில்லை.

யாரோ போனில் எடுத்த வீடியோ இரண்டொரு நாளில் அப்புத்தளை வரைக்கும் போய்விட்டது. எங்கள் தோட்டத்து லயத்தில், ஒவ்வொரு காம்பரா வீட்டிலும் பார்த்தார்கள். பெரிய கிளாக்கர் மகன் சோடாப் போத்தலோடு உட்காருகிற இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தார்களாம். நானும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பார்ப்பேன், எத்தனை தரம் என்று கணக்கில்லை. அவன் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் பலர் நின்றுவிட்டார்கள். கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டிக்கொண்டு பதுளை பஸ் ஸ்டாண்டில் அவன் நடந்ததை கடையில் என்னோடு வேலை செய்யும் பெண் பார்த்துவிட்டு வந்து சொன்ன அன்று, எல்லோருக்கும் என் செலவில் வடை வாங்கினேன்.

ஒன்றே ஒன்று மட்டும் குறை. வீடியோவைப் பார்த்தால் நான் ஒன்றும் செய்யாத மாதிரிதான் இருக்கிறது. தொட்டேன், விழுந்தான், அவ்வளவுதான். கீழே கருத்து எழுதியவர்கள் பாதிப் பேர் ‘செட்டப்’ என்றும், ‘நல்லா நடிக்கிறாங்க’ என்றும் எழுதினார்கள். ஓடு உடைத்ததை எல்லோரும் நம்பினார்கள், இதை நம்பவில்லை. அது எனக்கு ஆத்திரமாக இருந்தது. பெரியப்பா மகள் சொன்னாள்: “வெளியில தெரிஞ்சா அதுக்குப் பேரே வேறடி. எலும்பு முறிஞ்சவனுக்குத் தெரியும்ல, அது போதும்.”

அவள் பிறகு சைப்ரஸுக்கு வேலைக்குப் போய்விட்டாள். போகும் முன்பே தெமோதரை லயத்துப் பெண்கள் சிலர் களத்துக்கு வர ஆரம்பித்திருந்தார்கள். பஸ்ஸில் கை வைக்கிறவனை, குடித்துவிட்டு வருகிற புருஷனை, மலையில் பின்னால் வந்து நிற்கிற சுப்பவைசரை என்ன செய்வது என்று ஆளுக்கொரு கேள்வி வைத்திருந்தார்கள். சாந்தி, ஆரோக்கியம் என்று நான் எதுவும் பேசுவதில்லை. கேள்விக்குப் பதில் சொல்கிறேன். சிலருக்குக் கராத்தே உதை ஒன்றும் சொல்லித் தருகிறேன், ஏனென்றால் மெதுவான வழி வந்து சேர வருஷக்கணக்காகும், சில புருஷன்மார் அவ்வளவு நாள் பொறுக்க மாட்டார்கள்.

போன மழைக்காலத்தில் சீனியர் எங்கள் கடைக்கு வந்தான். என்னைத் தேடி வந்தானோ, கண்ணாடிக்காகத்தான் வந்தானோ, எனக்கு நிச்சயமாகத் தெரியாது. கிட்டப் பார்வை குறைந்திருந்தது. முதலாளி வெளியே போயிருந்ததால் நானே பார்க்க வேண்டியதாயிற்று. “வாங்க, உக்காருங்க,” என்றேன். அவன் கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே அளக்க, என் முகம் அவன் முகத்துக்குப் பக்கத்தில் போக வேண்டியிருந்தது. அளந்தேன். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஃப்ரேம் தேர்ந்தெடுத்த பிறகு மெல்லக் கேட்டான்: “அன்னைக்கு நீங்க என்னா பண்ணுனீங்க?”

‘நீங்க’ என்றான். அந்த வார்த்தையை நான் நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டேன்.

“சொன்னா வெளங்காது. பழகுனாத்தான் வெளங்கும்,” என்றேன்.

“தெமோதரையில லயத்துப் பொம்பளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறீங்கன்னு கேள்விப்பட்டேன்.” கொஞ்ச நேரம் ஃப்ரேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எனக்கும் பழகணும்னு ஆசையா இருக்கு. தோள் இன்னும் சரியா வரல. கராத்தேக்கு இனிமே ஒத்துவராதுன்னு டொக்டர் சொல்லிட்டாரு.”

அவன் உண்மையாகத்தான் கேட்டான். எனக்குக் கேட்கத் தெரியும், அதனால் தெரியும். ஒட்டுப்போட்ட உடம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாதவனுக்கு அந்தப் பயிற்சி எவ்வளவு உதவும் என்பதும் என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

“லயத்துப் பொம்பளைங்களுக்கு மட்டுந்தான்,” என்றேன். “ஒங்களுக்குச் சொல்லித் தரமாட்டேன்.”

அவன் தலையாட்டினான். கண்ணாடி எப்போது கிடைக்கும் என்று கேட்டான். வெள்ளிக்கிழமை என்றேன். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். மழையில் தெருவைக் கடந்து, எதிர்க் கடை வாசலில் ஒதுங்கி நின்றான். ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கீழே இருக்கிற நானாவின் சாப்பாட்டுக் கடைக்குப் போன் போட்டு ஒரு பிரியாணி கொண்டுவரச் சொன்னேன். முட்டையும் வைக்கச் சொன்னேன். அவ்வளவு ருசியாக நான் அதுவரை சாப்பிட்டதில்லை.